தவராசா அணைக்காத கற்பூரம்

பெயர்: சுடலைமுத்து அமராவதி. வயது: 68. முகவரி: நாவற்கட்டுக்குளம், நெடுங்கேணி. தொழில்: தோட்டச் செய்கை. கல்வி: ஐந்தாம் வகுப்பு. நிலை: விதவை. பதிவு செய்தவர்: பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் அருந்ததி.

எங்கள் ஊரைச் சேர்ந்த தவராசா என்பவர், வரவேற்பு மேடையில் வைத்து நான் தன்மீது நெருப்பை எறிந்ததாகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது எனக்கு விளங்கியது. அதற்கு நான் சொல்வது பின்வருமாறு.

நான் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்த பின்னர் என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவும் நானும் லொறியில் ஏறி வன்னிக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். கடைசிச் சண்டையில் ஊரை விட்டுப் போய், முகாமில் இருந்து, பின்னர் திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் காணி பற்றையாகக் கிடந்தது. அதை நாங்கள் இருவருமே வெட்டித் துப்புரவாக்கினோம். அதன் பின்னர் குளத்தடியில் இருந்த அந்த ஒரு ஏக்கரில் என் வீட்டுக்காரர் கிணறு வெட்டினார். கல்லு வந்த இடத்தில் உளியால் கொத்தினார். அந்தத் தண்ணீரில் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டு மகள் பிரேமிளாவைக் கட்டிக் கொடுத்தோம். மகளைக் கட்டிக் கொடுத்த மறுவருடம் அவர் இறந்துவிட்டார்.

மேற்படி தவராசாவின் குடும்பம் குளத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருக்கு வயலும் இருக்கிறது, உழவு இயந்திரமும் இருக்கிறது. பழைய அரசாங்கம் இருந்த காலத்தில் அவர்தான் எங்கள் பகுதிக்கு அந்தக் கட்சியின் அமைப்பாளர். ஒருநாள் நான் கச்சான் பிடுங்கப் போனபோது என் காணியைச் சுற்றிக் கொங்கிறீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். கிணறும் கம்பிக்கு உள்ளே போய்விட்டது. கட்சிக்காரர்கள் நெல் களஞ்சியம் கட்டப் போகிறார்கள் என்று கூலியாட்கள் சொன்னார்கள். நான் தவராசாவிடம் போய்க் கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பாமல் பின்வருமாறு சொன்னார்:

"தோட்டக்காட்டில இருந்து வந்த உங்களுக்குக் குளத்தடிக் காணி என்னத்துக்கு? ஆட்சி எங்கட கையில கிடக்கு. ஏலுமெண்டா ஆட்சிய மாத்திப்போட்டு வந்து கதையுங்கோ."

இந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

அதன் பின்னர் நான் கிராம அலுவலரிடம் போனேன், பிரதேச செயலகத்துக்கும் போனேன். எல்லோரும் என்னை இருக்கச் சொல்லி, மேலிடத்து விசயம் என்று சொல்லி அனுப்பினார்கள். களஞ்சியம் கட்டப்படவில்லை. கம்பிக்குள் தவராசாவின் மாடுகள் கட்டப்பட்டன. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டடிக் குழாய்க்குப் போகும்போது அவருடைய மாடு என் வீட்டுக்காரர் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியடியில் நின்று குடித்துக்கொண்டிருக்கும். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். பார்க்காமல் போனால் கோபம் ஆறிவிடும் என்பதால் பார்த்தேன்.

அதன் பின்னர் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. யாருக்குப் புள்ளடி போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை என இதை எழுதும் பொலிஸ் பிள்ளை அருந்ததி எனக்குச் சொன்னார். நானாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும். யார் வரவேண்டும் என்று நான் போடவில்லை. தவராசாவின் ஆட்கள் போகவேண்டும் என்று போட்டேன். எங்கள் வரிசை வீடுகளில் உள்ள எல்லோரிடமும் போய் அப்படியே போடச் சொன்னேன். நடக்க முடியாத விமலேஸ்வரியை ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பழைய கட்சி தோற்றது. அரசாங்கம் மாறியது. சந்தியில் பெடியள் வெடி கொளுத்தினார்கள். நான் பாயாசம் காய்ச்சி, முதல் சட்டியைத் தவராசா வீட்டுக்குப் பிரேமிளாவிடம் கொடுத்து அனுப்பினேன். முந்திரிகைவற்றல் கூடப் போட்டிருந்தேன். அவர் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி வாங்கிக்கொண்டு சட்டியைக் கழுவிக் கொடுத்தார். அவர் நல்ல மனிசி, அவரைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

இனிக் கம்பி கழலும் என்று நான் இருந்தேன். ஆனால் அடுத்த மாதமே தவராசா பழைய கட்சியின் சால்வையைக் கழற்றிவிட்டு, புதுக் கட்சியின் செம்மஞ்சள் கரைச் சால்வையைப் போட்டுக்கொண்டு திரியத் தொடங்கினார். புதிய பாராளுமன்ற உறுப்பினர் எங்கள் ஊருக்கு வரப்போகிறார் என்றும், வரவேற்புக் குழுவின் தலைவர் தவராசா என்றும் சங்கக் கடையில் வைத்து அறிந்தேன். அங்கே நின்ற எங்கள் ஊர் இராசமலர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் ஆட்சியத்தான் மாத்தினீங்கள், ஆளை மாத்த மறந்துபோனீங்கள்" என்று சொன்னார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உப்பும் ஒரு பெட்டி கற்பூரமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கற்பூரம் வாங்கிய காரணத்தை இங்கே சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்துச் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பொருளை இன்னொருவர் எடுத்து, எடுக்கவில்லை என்று சாதித்தால், சனத்தின் முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தி வைப்போம். எடுக்கவில்லை என்பவர் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பொய்யாக அணைத்தவனின் வீடு விளங்காது. எங்கள் லயத்தில் தோட்டத்துத் துரைமாரிடம் போகாத வழக்குகள் இப்படித்தான் தீர்ந்தன. யாழ்ப்பாணத்துச் சனம் கற்பூரத்தைக் கோயிலில் தீபமாகக் காட்டும், தொட்டுக் கண்ணில் ஒற்றும். இந்தச் சத்தியம் தவராசாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரவேற்பு நாளன்று காலையில் நான் பித்தளைத் தட்டைப் புளி போட்டு மினுக்கினேன். பிரேமிளா, "அம்மா, சண்டைக்கா போறீங்க?" என்று கேட்டாள். "பெரிய மனுசரக் கும்பிடப் போறேன்" என்று சொன்னேன். "உங்க மூஞ்சி கும்பிடுற மூஞ்சி இல்லையே" என்று சொல்லிவிட்டு அவளும் கூடவே வந்தாள்.

பொதுநோக்கு மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். புதிய உறுப்பினர் வந்து இருந்த பின்னர் சுற்றிப் பார்த்து, "இந்தப் பக்கம் மலையகச் சனம் கனக்க இருக்கெண்டு சொன்னீங்கள், ஒருத்தரையும் மேடையில காணேல்லையே?" என்று தவராசாவிடம் கேட்டார். அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. தவராசா திரும்பிப் பார்த்தபோது, வாசலில் நான் தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரத்துடன் நிற்பதைக் கண்டார். உறுப்பினருக்கு ஆராத்தி எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இதோ, எங்கட மலையகத் தாய் அமராவதி அம்மா ஆராத்தியோட வந்திட்டா! வாங்கோ அம்மா, மேல வாங்கோ, வழி விடுங்கோ" என்று ஒலிவாங்கியில் அழைத்தார். ஆகவே நான் அத்துமீறி மேடையில் ஏறியதாக முறைப்பாட்டில் உள்ளது பொய். அவர் கூப்பிட்டே ஏறினேன். ஏறுவதற்குக் கையும் கொடுத்தார்.

நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். உறுப்பினரைத் தாண்டிப் போய்த் தவராசாவின் முன்னால் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் ஒற்றுவதற்குக் கையைக் கொண்டுவந்தார். நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

"ஒத்திக்க இல்ல ஐயா. அணைக்க" என்று சொன்னேன்.

"என்னம்மா?"

"ஆட்சிய மாத்திட்டு வந்து கதைக்கச் சொன்னீங்க. மாத்திட்டு வந்திருக்கேன். குளத்தடிக் காணி உங்களதுன்னா, அந்தக் கிணறு என் வீட்டுக்காரர் வெட்டலைன்னா, இந்தச் சனத்துக்கு முன்னால கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

ஒலிவாங்கி அவருடைய கையில் இருந்தபடியால் இது றோட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. எங்கள் சனத்துக்கு விசயம் விளங்கிவிட்டது. பின்னுக்கு இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். தவராசா உறுப்பினரைப் பார்த்து, "அம்மாவுக்கு வயது போயிட்டுது, இடைக்கிடை இப்பிடித்தான்" என்று சொன்னார். அதற்கு உறுப்பினர், "காணி உங்கடயெண்டா அணைச்சுப்போட்டு இருங்கோவன் தவராசா, சின்னக் கற்பூரம்தானே" என்று சொன்னார். சனம் சிரித்தது. "அணையுங்கோ அண்ணை, அணையுங்கோ" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

தவராசா கையைத் தூக்கினார். கற்பூரத்துக்கு மேலே அந்தக் கை நின்றது. பின்னர் அதே கையால் தட்டைத் தட்டிவிட்டார். தட்டு என் பிடியிலேயே இருந்தது. கற்பூரம் மட்டும் பறந்து அவருடைய புதுச் சால்வையின் கரையில் விழுந்து பற்றியது. அவர் சால்வையை உதறிக்கொண்டு கத்தினார். இராசமலர் வாசலில் இருந்த நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, மாவிலையோடும் தேங்காயோடும் சேர்த்து அவர்மீது ஊற்றினார். நெருப்பு அணைந்தது. அவருக்குக் காயம் எதுவும் ஏற்படவில்லை. தேங்காய் காலில் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.

நான் நெருப்பை எறியவில்லை. ஆனால் சால்வை எரிந்தபோது அதை அணைக்க என் கையை நீட்டவும் இல்லை. அந்த நேரம் எனக்கு மனவருத்தம் இருந்ததா என்று கேட்கப்பட்டது. இல்லை. சந்தோசமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

உறுப்பினர் போகும்போது என்னிடம் வந்து, காணி விசயத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். பழைய ஆட்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்று அவருக்கு மறுமொழி சொன்னேன். அவர் முகம் கறுத்தது. அதற்காகவும் நான் வருத்தப்படவில்லை.

இன்று பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி எங்கள் இருவரையும் முன்னால் இருத்திச் சமாதானமாகப் போகும்படி சொன்னார். வயதுக் கோளாறில் செய்துவிட்டேன் என்று நான் ஒரு சொல் சொன்னால் முறைப்பாட்டை எடுத்துக்கொள்வதாகத் தவராசா சொன்னார். என் புத்தி சரியாக இருக்கிறது, அப்படிச் சொல்லமாட்டேன். என்னை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போவேன். அங்கேயும் இதைத்தான் சொல்வேன்.

சமாதானத்துக்கு நானும் ஒரு வழி சொன்னேன். பிள்ளையார் கோயில் இங்கிருந்து கூப்பிடு தூரம். தவராசா இப்போதே என்னோடு வந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும். செய்தால் காணியையும் கிணற்றையும் அவருக்கே விட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்கிறேன் என்றேன். பொறுப்பதிகாரி அவரைப் பார்த்து, "பிறகென்ன, காணியே தாறன் எண்டுறா" என்று கேட்டார். தவராசா தனக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொல்லி எழும்பி வெளியே போனார். தொலைபேசி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்னர் போனவர், எழுதி முடியும்வரை திரும்பி வரவில்லை. அவருடைய தலைக்கவசம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறது. இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டேன்.

எழுதியதை அருந்ததி எனக்கு வாசித்தார். பின்னர் நானும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் சொன்னவை யாவும் இதில் இருக்கின்றன, இருப்பவை யாவும் உண்மை. யாருடைய வற்புறுத்தலுமின்றிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சு. அமராவதி