பனிக்குடம் உடைந்தது சனிக்கிழமை

15.7.1967 பகல் பதினொரு மணிக்கு, போர்ட் பிளேரில், தலைமைக் காவலர் கிருஷ்ணமூர்த்தி முன்பாக அன்னம்மாள் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் அன்னம்மாள். வயது நாற்பத்திரண்டு இருக்கும். கணவர் கோவிந்தராஜ் மரம் சாய்ந்து விழுந்து இறந்து ஐந்து வருடமாகிறது. சொந்த ஊர் தென்னாற்காடு ஜில்லாவில் பண்ருட்டிப் பக்கம். கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து பதினொரு வருடம். வண்டூர் ரோடு வேலைக் கேம்பில் நாற்பது பேருக்குச் சமைக்கிறேன், அங்கேயே குடியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காண்டிராக்டரின் ஓவர்சியர் பக்தவத்சலம் என் மேல் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினார்கள். அவரைக் கரண்டியால் மிரட்டியதாகவும், சிமெண்ட் குடோனுக்குள் தள்ளிப் பூட்டியதாகவும் அதில் இருக்கிறது. இரண்டும் நடந்தவை. கரண்டி என்பது மட்டும் தவறு, அது அன்னவெட்டி. நாலு வருடமாக என் சமையலைத் தின்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நடந்தது என்னவென்றால், போன சனிக்கிழமை, எட்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு ஆள் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஜல்லிக் கூடையைத் தூக்கக் குனிந்த ருக்கு என்ற பெண் குனிந்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது, கேம்பில் வேலை செய்யும் அழகேசனின் மனைவி, தலைப்பிள்ளை, ஏழு மாதம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது புடவை நனைந்து கால் வழியாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. வலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் மூன்று பெற்று ஒன்றும் தங்காதவள், எந்த நீர் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதன் பிறகு அவளைப் படுக்கவைத்துவிட்டு லாரி கேட்டு ஓவர்சியரிடம் போனேன்.

கேம்பில் இருப்பது ஒரே லாரி. அது வெளியே போக ஓவர்சியர் சீட்டு எழுத வேண்டும். பிரசவத்துக்கு லாரி கொடுப்பது கேம்ப் வழக்கம். வலி கண்டால்தான் கொடுப்பேன் என்பது பக்தவத்சலம் வந்தபின் ஏற்பட்ட வழக்கம். போன வருடம் இரண்டு பெண்கள் பொய் வலியில் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வந்தார்களாம், டீசல் வீணாகிவிட்டதாம். அதிலிருந்து வலியை அவர் நேரில் விசாரித்துத்தான் சீட்டு எழுதுவார். பெண்களும் அவர் முன்னால் போய் நின்று அழுது காட்டுவார்கள். பிள்ளை பெறுவதைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அது என் தப்பு.

அன்று அவர் டீயை வைத்துக்கொண்டு, "வலி இருக்குதா?" என்றார்.

"வலி இல்ல சார். தண்ணி போவுது."

"வலி இல்லன்னா டெலிவரி கேஸ் இல்ல. ஏழு மாசத்துல எவ பெத்துக்குவா? மூத்திரத்த அடக்கத் தெரியல, போய்ப் படுக்கச் சொல்லு."

நான் திரும்பிப் போய் ருக்கு மாற்றிய துணியைக் கொண்டுவந்து அவர் மேசையில் ஆள் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்து, மோந்து பாருங்கள், இது மூத்திர வாடையா என்று கேட்டேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "சீ, ஹட்டாவ்!" என்று கத்தினார், அப்பால் எடு என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்கு இந்திதான் வரும், அப்போதுதான் பெரிய ஆபீசர் போல இருக்கும் என்று நினைப்பு. துணியைத் தொடவில்லை. புத்தகத்தை மட்டும் வெயிலில் காயவைக்கச் சொன்னார். அன்று வெயிலே இல்லை, மழை.

மழையால் பஸ்ஸும் வரவில்லை. அதன் பிறகு கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் கொடுத்து உயர்த்தி அவளைப் படுக்கவைத்தேன். துணிகளை வெந்நீரில் அலசி அடுப்பு மேலே கொடி கட்டி உலர்த்தி மாற்றினேன். அவள் மேல் கைவைத்துச் சோதிக்க யாரையும் விடவில்லை. பிள்ளை அசைகிறதா என்று மணிக்கொரு தரம் கேட்டேன், அசைகிறது என்றாள். அழகேசன் இரண்டு முறை ஓவர்சியர் அறை வாசலுக்குப் போய்க் கை கட்டி நின்றான். நின்றது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, லாரியைப் பூட்டி வைத்திருந்தார்கள். நான் மறுபடி போனேன். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே, "இன்னும் வலி வரலியா?" என்று சிரித்தார். மத்தியானம் மீன் வறுவலில் காரம் குறைச்சல் என்று சொல்லி அனுப்பினார். இதை எதற்குச் சொல்கிறாய் என்று தலைமைக் காவலர் கேட்டார். அந்த மனிதர் அன்று எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை காலை துணியில் கெட்ட வாடை வந்தது. ருக்குவுக்கு உடம்பு நடுங்கியது, வலி அப்போதும் இல்லை. அன்று மெயின்லேண்ட் கப்பல் வருகிற நாள். சாயங்காலம் நாலு மணிக்கு லாரி சாமான் எடுக்கத் துறைமுகத்துக்கு எப்படியும் போகும், அதிலேயே ஏறிக்கொள்ளட்டும், இரண்டு டிரிப் எதற்கு என்று பக்தவத்சலம் சொன்னார். டிரைவர் குழந்தைவேலுவைக் கேட்டேன். "சீட்டு இல்லாம காடிய எடுத்தா என் வேலை போயிடும் அக்கா. சாப் எழுதிக் குடுத்தா இந்த நிமிஷமே எடுக்கறேன்" என்றான். அவன் சொன்னது நியாயம்.

அதன் பிறகுதான் சோறு கிளறிக்கொண்டிருந்த அன்னவெட்டியோடு ஓவர்சியர் அறைக்குப் போனேன். எழுதுங்கள், இல்லையென்றால் மண்டை பிளக்கும் என்றேன். எழுதினார். மூன்று நாளாக வராத எழுத்து அரை நிமிடத்தில் வந்துவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு, பின்னாலேயே ஓடி வந்து லாரியை மறிப்பார் என்று தோன்றியதால், அவரைப் பக்கத்துச் சிமெண்ட் குடோனுக்குள் போகச் சொல்லி வெளியே பூட்டினேன். அடிக்கவில்லை, தொடவும் இல்லை. சொன்னதும் தானாகவே நடந்து போனார். அப்போது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பூட்டியது குழந்தைவேலுவுக்குத் தெரியாது. சாவியை இப்போது இங்கே ஒப்படைக்கிறேன்.

இரண்டு மணி வாக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து சீட்டைக் கொடுத்தோம். ருக்குவைச் சேர்த்துக்கொண்டார்கள், என்னை வார்டுக்குள் விடவில்லை. டாக்டர் வங்காளி, அவரிடம் பேச ருக்குவுக்கு இந்தி வராது. சீட்டில் இங்கிலீஷில் இருந்ததையே நம்பி மருந்து எழுதினார்கள். மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மலையாளி நர்ஸ் ஒருவர் வெளியே வந்து, நீர் போகத் தொடங்கியது எப்போது என்று என்னைக் கேட்டார். சனிக்கிழமை காலை என்றேன். அவர் சீட்டைப் படித்துச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வலியும் நீரும் கண்டது, உடனே லாரி அனுப்பப்பட்டது என்று அதில் இருந்தது. அன்னவெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அந்த நேரத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதத்தை மடியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

நர்ஸ் ஓடினார், டாக்டர் வந்து ஊசி போட்டார். இரண்டு நாள் முன்பே உடைந்தது தெரிந்திருந்தால் வந்தவுடனே போட்டிருப்பேன் என்று என்னிடம் இந்தியில் சொன்னார். போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புதன்கிழமை விடியற்காலையில் ஆண் பிள்ளை பிறந்தது. பஞ்சு சுற்றி வைத்திருந்தார்கள். என் ஒரு கையில் அடங்கும் அளவு, ஆனால் நகமெல்லாம் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மூச்சு நின்றது. ருக்குவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

நேற்று பக்தவத்சலம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ருக்குவைப் பார்க்கவில்லை. என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, "புள்ளதான் போயிடுச்சே அன்னம்மா, இனி சனிக்கிழமையா இருந்தா என்ன, திங்கக்கிழமையா இருந்தா என்ன? திங்கக்கிழமைதான்னு சொல்லிடு. புகார வாபஸ் வாங்கிடறேன், கேம்புலயே சமைச்சிக்கிட்டு இரு" என்றார். அழகேசன் அப்படி எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம், அதையும் பெருமையாகக் காட்டினார். அழகேசனை நான் குறை சொல்லவில்லை, அவன் பயந்தவன். ஓவர்சியர் நீட்டிய ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி அவர் காலடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

குடோனில் பூட்டியதற்கு என்ன தண்டனையோ அதை நான் அனுபவிக்கிறேன். ஆட்கள் பூட்டை உடைத்துத் திறக்கும் வரை இரண்டு மணி நேரம் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டதாகப் புகாரில் எழுதியிருக்கிறார். வந்திருக்கட்டும். குழந்தைவேலுவின் மேல் எந்தக் குற்றமும் கிடையாது, சீட்டோடுதான் வண்டியை எடுத்தான்.

நாள் விஷயத்தில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, எழுதிய பிறகு மாற்ற முடியாது, புருஷனே திங்கட்கிழமை என்கிறான், வேலையும் போய்விடும் என்று தலைமைக் காவலர் சொன்னார். பிள்ளை பிறந்ததற்கும் இறந்ததற்கும் ஆஸ்பத்திரியில் காகிதம் இருக்கிறது, பனிக்குடம் உடைந்து அது உள்ளே தவித்த இரண்டு நாளுக்கு என் வாயை விட்டால் வேறு காகிதம் இல்லை, மாற்ற மாட்டேன் என்றேன்.

இவ்வளவும் நான் பார்த்தது, செய்தது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. சனிக்கிழமை என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகு கைரேகை வைக்கிறேன்.

அன்னம்மாள், இடது பெருவிரல் ரேகை.