ஃப்ரிட்ஜ் வாரன்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில் வீட்டுக் கணினி மறுபடியும் நின்றுபோனது. வீட்டுக்காரர் மறுநாள் விடியற்காலை சுரங்கப்பாதை வேலைக்காக ஆறு மாதம் வெளியூர் கிளம்புகிறார். கணினி பழுதுபார்ப்பவரான அவர் மனைவியின் தம்பி வந்திருக்கிறார்.

தம்பி: அதான் சொல்றேன், இனிமே ஆஃப் பண்ணாதீங்க மாமா. திரும்ப எழுந்திரிக்கிறது அது இஷ்டம்.

மாமா: உள்ள ஏதோ கர்ர்... கர்ர்ங்குதே மாப்ள.

தம்பி: ஹார்டு டிஸ்க். இழுத்துக்கிட்டுக் கிடக்கு.

அக்கா: இந்தாங்க காபி. யாரு கர்ர்ங்கிறது?

மாமா: டிஸ்க்கும்மா. உன்னைச் சொல்லல.

அக்கா: என்னை ஏன் சொல்லணும்? நான் தூங்கினா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மூச்சு விடுறதே தெரியாது.

தம்பி: மாமாவுக்குப் புரையேறிடுச்சு, தண்ணி குடு அக்கா.

மாமா: இப்ப என்ன செய்யலாம்னு சொல்லு.

தம்பி: புது டிஸ்க் கொண்டு வந்திருக்கேன். அதுல எல்லாத்தையும் முதல்லருந்து இன்ஸ்டால் பண்ணணும். அதுக்கு முன்னாடி, பழசு மூச்சோட இருக்கும்போதே வேண்டியதைக் காப்பி பண்ணிக்கலாம். எல்லாம் வராது. முக்கியமானது எதுன்னு சொல்லுங்க.

மாமா: ஃப்ரிட்ஜ் வாரன்டி.

தம்பி: என்னது?

மாமா: டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர். பேரே அதுதான்.

தம்பி: பாப்பா நடக்கப் பழகின வீடியோவை விட்டுட்டா?

மாமா: அது உங்க அக்கா போன்ல இருக்கு, உங்க அம்மா போன்ல இருக்கு, இந்தத் தெருவுல பாதிப் பேர் போன்ல இருக்கு. இது இங்க மட்டும்தான்.

அக்கா: அந்த ஃப்ரிட்ஜைத் தூக்கிக் குடுத்து எத்தனை நாளாச்சு...

மாமா: ஒரு விஷயத்துக்கு வேணும். சைட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.

அக்கா: சுரங்கத்துக்குள்ள ஃப்ரிட்ஜ் வாரன்டி.

தம்பி: அடுப்புல ஏதோ இருக்குன்னியே அக்கா.

அக்கா: அணைச்சுட்டேன். நீ அதை விட்டுட்டு வேற எதையாவது எடுடா.

மாமா: உனக்கென்ன அதுல?

அக்கா: எனக்கென்ன. ஒண்ணுமில்ல.

தம்பி: சும்மா இருங்க ரெண்டு பேரும்... டி டிரைவ் திறக்குது... மெதுவா, மெதுவா... ஃப்ரிட்ஜ் வாரன்டி. இதோ.

மாமா: அப்பாடா.

தம்பி: காலி.

மாமா: என்ன காலி?

தம்பி: உள்ள ஒண்ணுமே இல்ல மாமா.

மாமா: டிஸ்க் தின்னுடுச்சா?

தம்பி: டிஸ்க் தின்னா எலி கடிச்ச மாதிரி அங்கங்க மிச்சம் இருக்கும். இது யாரோ துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு.

மாமா: நான் தொடல. பாப்பாவுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

அக்கா: காபி ஆறுது.

தம்பி: அக்கா...

அக்கா: ஆமா, நான்தான். வேண்டாததை எல்லாம் கழிச்சுக் கட்டலாம்னு போன மாசம் உக்காந்தேன். இல்லாத ஃப்ரிட்ஜுக்கு எதுக்கு வாரன்டின்னு திறந்தா, எல்லாம் ஆடியோ.

தம்பி: என்ன ஆடியோ?

அக்கா: குறட்டை.

தம்பி: யாரோட...

அக்கா: கேப்பியா நீ? என்னோடதுதான். அவரு அக்கா வீட்ல எல்லாரும் கூடுற அன்னைக்குப் போட்டுக் காட்டிச் சிரிக்கலாம்னு சேத்து வெச்சிருக்காரு. ஒண்ணு விடாம அழிச்சேன்.

மாமா: மாப்ள, அழிச்சதை மீட்கலாமில்ல?

தம்பி: நல்ல டிஸ்க்னா துருவிப் பாக்கலாம். இது தாங்குமான்னு... இருங்க. சத்தம் நின்னுடுச்சு.

மாமா: நின்னா நல்லதுதானே?

தம்பி: இல்ல மாமா. போயிடுச்சு.

அக்கா: என் மானம் பொழைச்சுது. இப்ப எதுக்கு முகத்தைத் தொங்கப் போடுறீங்க?

மாமா: போன தடவை சைட்டுல பொட்டுத் தூக்கம் இல்ல. ரூம் அவ்வளவு நிசப்தம். அதான்... இந்தத் தடவை காதுல மாட்டிக்கிட்டுப் படுக்கலாம்னு எடுத்து வெச்சேன்.

தம்பி: புது டிஸ்க்கை மாட்டியாச்சு, இன்ஸ்டால் ஆரம்பிச்சாச்சு. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க.

அக்கா: வாயைத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?

மாமா: நீதான் குறட்டையே விடலேங்கிறியே. இல்லாததை எப்படிக் கேக்குறது?

தம்பி: யூசர் பேர் கேக்குது. என்ன போடட்டும்?

அக்கா: எதையாவது போடு. அந்தக் கம்ப்யூட்டர் மைக்கை எடுத்துக் கட்டில் பக்கத்துல வை. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுக்கிறேன்.

மாமா: மத்தியானத்துல உனக்கு அவ்வளவா வராதே.

அக்கா: வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்து படுக்கிறேன். போதுமா?

தம்பி: அது சரி, அவரு இல்லாம நீ எப்படித் தூங்குவே?

அக்கா: எனக்கென்ன. அவரோட குறட்டை போன தடவையிலருந்தே என் போன்ல இருக்கு. வாஷிங் மெஷின் வாரன்டின்னு பேர் போட்டிருக்கேன்.