விருந்தாளி என்று சொன்ன வாய்

தலைமை ஏற்றிருக்கும் விடுதிக் காப்பாளர் அம்மா அவர்களே! எங்கள் பசியின் முகத்தைப் பார்த்தே அளவு தெரிந்துகொள்ளும் சமையலறைத் தாய்மார்களே! வாசல் காக்கும் பெரியவர் அங்க்ரா ஐயா அவர்களே! படுக்கை கிடைத்த தோழிகளே! படுக்கை கிடைக்காமல், இன்னொருத்தியின் அறைத் தரையில் மெத்தை விரித்து, பட்டியலில் பெயரில்லாமல் படிக்கும் தோழிகளே! உங்களுக்கு மட்டும் இரண்டு முறை வணக்கம்.

மேசைமேல் பானை இருக்கிறது. அடுத்த ஆண்டின் அறைச் சீட்டை இன்னும் சற்று நேரத்தில் எடுக்கப்போகிறோம். உங்கள் கண்கள் என்மேல் இல்லை, பானைமேல் இருக்கின்றன. இருக்கட்டும். நானும் அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சென்ற ஆண்டு இதே பானைக்குள் இரண்டு கைகள் போயின. ஒன்று என் கை. மற்றொன்று வுன்பினியின் கை, வடக்கே தமாலே ஊரிலிருந்து பகல் முழுதும் பேருந்தில் வந்த கை. எனக்கு எண் வந்தது. அவளுக்கு வெற்றுத் தாள். என்னைவிட அவள் எதில் குறைந்தாள்? மதிப்பெண்ணிலா? மனத்திலா? விரல் நுனியில் ஒரு தாள். அவ்வளவுதான்.

என் தரைக்கு வந்தாள். ஏழு மாதம். அறை வாசலில் இரண்டாவது ஜோடிச் செருப்பு தெரிந்ததில்லை. பல்துலக்கியைப் பைக்குள்ளேயே வைத்தாள். சிரிப்பைக்கூடச் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகினாள். காய்ச்சல் வந்தபோது விடுதி மருத்துவ அறைக்குப் போகவில்லை. எந்த அறை எண்ணைச் சொல்லிப் போவாள்?

இரவில் எங்கள் சாப்பாடு மரவள்ளி மாவு, சர்க்கரை, வேர்க்கடலை, தண்ணீர். இருவருக்கும் ஒரே கிண்ணம்.

"அராபா, கடலையெல்லாம் உன் பக்கமே எப்படிடி வருது?"

"கிண்ணம் சாய்ஞ்சிருக்குடி."

"கிண்ணமா சாயுது? நீதான் சாய்க்கிற, திருடி!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன்.

ஒரு காலை, அறைச் சோதனை. கதவைத் தட்டினீர்கள், அங்க்ரா ஐயா. "உள்ள யாரும்மா அது?" என்று கேட்டீர்கள். தோழி என்றிருக்கலாம். வுன்பினி என்றிருக்கலாம். நான் என்ன சொன்னேன்?

"விருந்தாளி ஐயா. இன்னிக்கே போயிடுவா."

நீங்கள் நல்லவர். அடுத்த கதவுக்குப் போய்விட்டீர்கள். மாலையில் நான் திரும்பியபோது மெத்தை இல்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

யாராவது அடித்தார்களா? விரட்டினார்களா? ஒரு சொல். என் சொல்.

இப்போது இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வருகிறாள். பார்த்தால் தலையசைக்கிறாள், விருந்தாளி தலையசைப்பதுபோல. "திரும்பி வாடி" என்றேன். "எதுக்கு? விருந்துக்கா?" என்றாள். மெத்தை கிடந்த இடத்தை நான் இன்னும் தாண்டித்தான் நடக்கிறேன். மிதிக்க முடியவில்லை.

என்ன? பின்வரிசையில் யார்? உரக்கச் சொல், தங்கையே.

"உங்க படுக்கைதான் பத்திரமா இருக்கே, தலைவி அக்கா!"

சரியாகக் குத்தினாய். இருக்கிறது. இந்த ஆண்டு நான் தலைவியானேன்; தலைவி உட்பட விடுதிப் பொறுப்பாளர்கள் பதினொரு பேரின் படுக்கைகள் இந்தப் பானைக்குள் வருவதே இல்லை. பானைக்கு வெளியே நின்றுகொண்டு பானையின் நியாயத்தைப் பேசும் தலைவி எதற்கு? சமத்துவம் சுவரொட்டியில், சலுகை நம் சட்டைப்பையிலா?

இதோ என் அறை எண். பானைக்குள் போடுகிறேன். கைதட்ட வேண்டாம். மற்ற பத்துப் பேர் மேடையில்தான் இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள். கண்ணாடியைத் துடைக்கிறார்கள். நன்றாகத் துடையுங்கள், தோழிகளே, நன்றாகத் தெரியட்டும்.

வுன்பினி, நீயும் சீட்டெடுக்க வந்திருக்கிறாய். அதோ, கதவோரத் தூணின் அருகே. நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று உனக்கு எண் வந்து, எனக்கு வெற்றுத் தாள் வந்தால், உன் கதவைத் தட்டுவேன். உன் தரையில் எனக்கு இடம் தருவாயா? தந்தால், சோதனைக்கு வந்து அங்க்ரா ஐயா "உள்ள யாரும்மா அது?" என்று கேட்கும்போது, என்னை யார் என்று சொல்வாய்?

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. வரிசையின் கடைசிக்குப் போகிறேன். எல்லோருக்கும் என் வணக்கம்.