அறுநூறு நாற்காலியும் ஒரு ரசிகனும்

அண்ணாச்சி, பதினோரு வருடமாக நம் பிரஸ்ஸில் டிசைன் பார்க்கிறேன். காலண்டரில் ஒரு அமாவாசையைக்கூட இடம் மாற்றிப் போட்டதில்லை. விருதுநகர் ரியாஸின் கச்சேரி போஸ்டரில் தேதி தப்பானதற்கு, அச்சுக்கு பிளேட் போட்ட அருள்பாண்டிதான் காரணம் என்று அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கு நானும், "அவன் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம் அண்ணாச்சி" என்றேன். மூன்று மாதமாக அவனுக்கு டீயும் வடையும் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். நேற்று அவன் பெண்டாட்டி குருவம்மாள் பிரஸ் வாசலில் நின்று அழுதாள். சரி, உள்ளதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெடிப் பெட்டி லேபிளுக்கு மண்டையோடு தேடி நெட்டில் அலைந்தபோது, ஹங்கேரி நாட்டு டெத் மெட்டல் குழு ஒன்றின் ஆல்பம் அட்டை கண்ணில் பட்டது. பேர் ஃபெகெதே தோ. அவர்கள் பாஷையில் கருங்குளமாம். நமக்குத் தெற்கே அந்தப் பேரில் ஊரே இருக்கிறது. சும்மா போட்டுக் கேட்டேன். ஆத்தாடி, பாடகர் சாமி வந்தவர் மாதிரி அடித்தொண்டையில் உறுமுகிறார். பின்னால் மேளம் எழவு வீட்டு நடை நடக்கிறது. அதற்கு நடுவில் கிதார் புகுந்து ஒரு மெட்டு எடுக்கும் பாருங்கள், அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர்களுக்குச் சொந்த ஊரிலேயே மதிப்பில்லை. ஒரு பாட்டை முந்நூறு பேர் கேட்டால் அதிகம். எனக்கு அதுவே ரொம்பப் பிடித்திருந்தது. பாடகர் யானோஷ் பகலில் பஸ் ஓட்டுகிறவர். நான் எழுதினால் "சிவகாசி நண்பரே" என்று மறுநாளே பதில் போடுவார்.

ஆமத்தூர் டீக்கடையில் ஒரு நாள் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை என் கூட்டாளி ரியாஸ் காதில் வைத்தேன். புத்தி கெட்ட வேலை. அவன் வாய் சும்மா இருக்குமா? ஆறே மாதத்தில் காலேஜ் பிள்ளைகள் போனிலெல்லாம் அதே பாட்டு. நான் கண் கலங்கிக் கேட்ட இடத்துக்கு அவர்கள் ரீல்ஸ் போட்டார்கள்.

பெங்களூருக்கு வரவிருந்த குழுவை ரியாஸ் விருதுநகருக்கும் அழைத்துவிட்டான். கல்யாண மண்டபம், பதினாலாம் தேதி சனிக்கிழமை, அனுமதி இலவசம். யானோஷ் எனக்குத் தனியாக எழுதினார்: இருபது வருடம் ஆகிவிட்டது, இந்தப் பயணத்திலும் ஆள் வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று. மூன்று தடவை படித்தேன்.

"ஏலே செல்வா, அறுநூறு பேரு வாராக. நாற்காலி பத்தாதுலே" என்று ரியாஸ் குதித்தான். நான் காட்டிய போஸ்டர் புரூஃபில் தேதி சரியாகவே இருந்தது, கையெழுத்துப் போட்டான். அவன் தலை மறைந்ததும் பதினைந்து, ஞாயிறு என்று மாற்றி பிளேட்டுக்கு அனுப்பினேன். வாட்ஸப்பில் சுற்றிய படமும் அதுதான். தேதியை மனப்பாடமாக வைத்திருக்கிறவன் போஸ்டரில் தேதியைப் படிக்க மாட்டான், அண்ணாச்சி. தன் பேர் சரியா என்றுதான் பார்ப்பான். அவன் பேரைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் அறுநூறு நாற்காலி, நான் ஒருத்தன். ஆறரை மணிக்குத்தான் ரியாஸுக்கு விஷயம் தெரிந்தது. முகம் செத்துவிட்டது.

"எல்லாரும் நாளைக்குன்னுல்லாலே இருக்காக. பாட வந்தவுக காலையில பிளைட் ஏறிருவாகளே."

"அவுககிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ வண்டிய எடுத்து ஹாஸ்டல் ஹாஸ்டலாப் போயி, கிடைச்ச ஆளைக் கூட்டியா" என்றேன். போனான், நல்ல பிள்ளை.

மேடைக்குப் பின்னால் போய் யானோஷிடம், எங்கள் ஊரில் உங்கள் பாட்டைக் கேட்கிறவன் நான் ஒருத்தன்தான் என்றேன். அப்புறம் நாலு பேரும் மேடையேறி எனக்காக ஏழு பாட்டு வாசித்தார்கள். நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் இருந்ததில்லை. கடைசிப் பாட்டில் அவர் குரல் உடைந்தது. எந்த ரெக்கார்டிலும் இல்லாத அழகு அது.

ரியாஸ் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு வருவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. மறுநாள் அறுநூறு பேரும் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போஸ்டரில் தேதி மாறிவிட்டது என்று ரியாஸ் யானோஷுக்கு நாலு மெயில் போட்டான். சமாதானத்துக்குச் சொல்கிறான் என்று குழுவில் யாரும் அதை நம்பவில்லை. போன மாதம் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

அருள்பாண்டியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலையில் சுத்தமான ஆள். என்னை என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். இந்த சீசன் லேபிள் அத்தனையும் முடித்து வைத்திருக்கிறேன். யானோஷை நினைத்தால்தான் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது, அண்ணாச்சி. ஊர் உலகமே அவரைக் கைவிட்ட அன்றைக்கு, நான் ஒருத்தனாவது கூட இருந்தேனே.