ஒன்பதாம் எண் மீட்டர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காகித ஆலையில் எனக்கு ஒரு வேலை கிடைத்ததே அதனால்தான் ஐயா. எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் அங்கே சான்றிதழ் தந்தால்தான் நான்காம் ஆண்டுக்குப் போக முடியும். முதல் இரண்டு வாரம் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆலையில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பந்தாடினார்கள். கடைசியில் பாதுகாப்பு அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கே. பதிவேட்ட நீயே பாத்துக்க" என்றார்.

கழிவுநீர்த் தொட்டிகளில் விஷவாயு சேரும். உள்ளே இறங்குகிறவர்களும் மேலே காவலுக்கு நிற்கிறவர்களும் சட்டையில் கைக்கடக்கமான ஒரு மீட்டரை மாட்டிக்கொள்வார்கள். வாயு வந்தால் அது கத்தும். மொத்தம் பதினான்கு மீட்டர்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றின் மேலும் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் சோதனை வாயுவை விட்டு, இருபத்தைந்து காட்டுகிறதா, கத்துகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். முதல் மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் செய்தேன். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் மாதம் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"சொல்லி வச்சிருக்கேன், வரும்" என்றார்.

"அதுவரைக்கும் என்ன சார் எழுதறது?"

"சிலிண்டர் காலியா இருந்தா நான் பதில் சொல்லிக்குவேன். பேப்பர் காலியா இருந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மறுநாளிலிருந்து மனதில் தோன்றியதை எழுதினேன். எல்லாவற்றுக்கும் இருபத்தைந்து போட்டால் சந்தேகம் வரும். ஆகவே ஒன்றுக்கு இருபத்துநான்கு, ஒன்றுக்கு இருபத்தாறு என்று கலந்து போட்டேன். பார்வையிட வந்த எங்கள் விரிவுரையாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்ல" என்றார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் அன்றே சித்திக்கும் பெரியம்மாவுக்கும் சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் புது சிலிண்டர் வந்தது. பதின்மூன்று மீட்டர்கள் கத்தின. ஒன்பதாம் எண் கத்தவில்லை. வாயுவை அதன் வாயிலேயே பிடித்தேன். பூச்சியம் காட்டியது. சுத்தமான காற்றிலும் பூச்சியம்தான் காட்டும் என்பதால், அது செத்துப்போனது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பழுதுபார்க்க அனுப்பினால், கடைசியாக அது வாயுவைக் கண்ட தேதியை அதன் நினைவகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்று வாரமாக நான் எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். அதிகாரி, "நானா எழுதச் சொன்னேன்?" என்று கை கழுவிவிடுவார். சான்றிதழ் வராது. அக்கா வீட்டுக்காரர் தெரிந்தவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கித் தந்த இடம் அது. அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து, மற்ற பதின்மூன்றையும் ஒழுங்காகச் சோதித்து எழுதினேன். ஒன்பதுக்கு இருபத்தாறு என்று போட்டேன்.

ஆனால் நான் பொறுப்பில்லாதவன் இல்லை. மீட்டர்களைக் கொடுக்கிறவன் நான்தானே. உள்ளே இறங்குகிறவருக்கு ஒன்பதை ஒருநாளும் கொடுக்க மாட்டேன். மேலே நிற்கிறவருக்குத்தான் கொடுப்பேன். ஐந்து மாதம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆலையையே நான் கட்டிக் காப்பதாக எனக்குத் தோன்றிய நாட்களும் உண்டு.

பெரும்பாலும் மேலே நிற்கிறவர் ரேடியோ அண்ணன்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். மற்றவர்களெல்லாம் என்னை "ஏய், பயிற்சி" என்று கூப்பிடுவார்கள். அவர் மட்டும் சாப்பாட்டு மேசையில் நகர்ந்து இடம் கொடுப்பார். "இன்ஜினியர் சார், படிச்சு முடிச்சதும் எங்கள மறந்துடாதீங்க. இல்லன்னா மறந்துடுங்க, நாங்களும் மறந்துடுறோம், சரிக்குச் சரி" என்பார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள். அவளுக்குப் புரியாத வகுத்தல் கணக்குகளைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார். நான் படிப்படியாகப் போட்டுக் கொடுப்பேன். அந்த ஆலையில் எனக்குப் பிடித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அவரோடு வேலை செய்கிற, தொட்டிக்குள் இறங்குகிற மேஸ்திரி வேறு மாதிரி. யாரையும் நம்ப மாட்டார். மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பொத்தானை அழுத்திப் பார்ப்பார், எங்கே உன் பதிவேடு என்பார். அவரிடம் ஒன்பதைக் கொடுக்கவே முடியாது.

பத்தாம் மாதம், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்தார்கள். எல்லாத் தொட்டியிலும் ஆட்கள். இவர்கள் இருவரும் கடைசியாக வந்தபோது நான்கும் ஒன்பதும்தான் மிச்சம். நான்கை மேஸ்திரியிடம் கொடுத்தேன். ஒன்பதை ரேடியோ அண்ணன் சட்டையில் மாட்டிக்கொண்டு அதைத் தட்டினார்.

"நம்ம ஆளு நல்லா இருக்காரா?"

"காலையிலதான் பாத்தேன் அண்ணே."

"நீங்க பாத்தா சரிதான்."

என் மேசையிலிருந்து பார்த்தால் இரண்டாம் தொட்டி தெரியும். பத்தரை மணி இருக்கும். மேஸ்திரி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக ரேடியோ அண்ணன் ஏணியில் கால் வைத்தார்.

வாக்கி-டாக்கி என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தி, "அண்ணே, மேல வாங்க" என்றால் போதும். வந்து, ஏன் என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் வேண்டுமே. பேட்டரி போய்விட்டது என்று சொல்லலாமா? மேஸ்திரி வாங்கிப் பார்ப்பார். மீட்டர் மாறிவிட்டது என்றால்? மாறினால் என்ன என்பார். எந்தப் பதிலை எடுத்தாலும் அது பதிவேட்டில்தான் போய் நின்றது. பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மஞ்சள் தலைக்கவசம் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. பத்து நிமிட வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே நல்ல காற்றும் வீசியது.

சற்று நேரத்தில் நான்காம் எண் கத்தியது. மேஸ்திரி மீட்டர். என் அறைக்கே கேட்டது. கயிறு போட்டு இழுத்து மேலே கொண்டுவந்தபோது அண்ணனுக்கு உயிர் இல்லை. சட்டையில் ஒன்பது சத்தமில்லாமல் இருந்தது.

பேச்சுக்கு இடைஞ்சல் என்று அவரே அணைத்துவைத்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் முதல் முறை விசாரித்தபோது நானும், அப்படி இருக்கலாம் என்றேன். அவர் மனைவி அதை நம்பிவிட்டார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தாரா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் அந்தக் குழந்தை நின்றது.

அன்று மாலையே ஒன்பதை நீங்கள் உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். பதின்மூன்றையும் சோதித்தேன். பதினான்கு எண்கள் எழுதினேன்.

உங்கள் வசம் இருக்கிற மீட்டருக்கு நான் எப்படி அளவு எழுதினேன் என்று இன்று அந்தப் பக்கத்தைக் காட்டினீர்கள். பழக்கதோஷமா என்றும் கேட்டீர்கள். பெரிய மனது உங்களுக்கு. ஆனால் பழக்கதோஷம் இல்லை ஐயா. பேனாவைக் கீழே வைத்து யோசித்தேன். அது உங்களிடம் இருப்பது நன்றாகவே நினைவிருந்தது. கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. அந்த ஐந்து மாதமும் ஒன்பதுக்கு நான் ஒருமுறைகூட இருபத்தைந்து போட்டதில்லை. துல்லியமாகப் போட்டால் மனசாட்சி உறுத்தும் என்று ஒன்று கூட்டியோ குறைத்தோதான் போடுவேன். அன்று மட்டும் இருபத்தைந்து போட்டேன். இனி அதை மாட்டிக்கொண்டு யாரும் இறங்கப்போவதில்லை. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட்டேன்.