மிதவையில் கட்டிய நட்டு

பீன்ஸும் கறியும் போட்ட இந்தச் சில்லில உப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். டாக்டர் மிரட்டுனதுல இருந்து அப்படித்தான் சமைக்கிறேன். வேணும்னா மேல தூவிக்கோங்க. டெல்மர், சோள ரொட்டி அந்தத் துணிக்கு அடில இருக்கு, சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துக்கோ. விசாரிக்க வந்தவங்க வெறும் வயித்தோட உக்காந்திருந்தா எனக்குப் பேச்சு வராது.

போன்ல பதிவாகுதா, பெர்னடெட்? சரி. என் பேரு ஆர்வில் ஸ்டாட்லர். யாகிமா பள்ளத்தாக்கு வீட்டு பியர் சங்கம், அதான் வீட்டுலயே பியர் காய்ச்சுறவங்க சங்கம், அதுல ஆரம்பத்துல இருந்து இருக்கேன். தலைவரம்மா பெர்னடெட் க்விஸ்ட்டும் என் சிநேகிதன் டெல்மர் ஹூபரும் என் கராஜுக்கே வந்து கேக்குறாங்க, நான் சொல்றேன். முழுசா சொன்னா சனிக்கிழமை அறுவடை விருந்துக்கு வரலாம், ஒண்ணை மறைச்சாலும் சங்கத்துல இருந்து பேரை எடுத்துருவோம்னு சொல்லியிருக்கீங்க. நியாயமான பேச்சு. அந்தச் சங்கத்தை விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது, அது ஊருக்கே தெரியும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மிதவை டியூப் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. ரொம்ப நல்ல சாமான்.

அது வர்றதுக்கு முன்னாடி நம்ம கெக்குக்குள்ள, அதான் பியர் பீப்பாய்க்குள்ள, நேரா ஒரு ஸ்டீல் குழாய் அடி வரைக்கும் போகும். பியரை அடில இருந்துதான் இழுக்கும். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா, நம்ம ஊர்ல விளையுற ஹாப்ஸ் பூவை வாசனைக்குன்னு கை நிறைய அள்ளி கெக்குக்குள்ளயே போடுவாங்க. அவ்வளவும் ஊறி, அடில சேறா உக்காந்துக்கும். டேப்பைத் திறந்தா பச்சையா ரெண்டு துப்பு துப்பிட்டு அடைச்சுக்கும். அப்ப என்ன பண்ணுவீங்க? ஆர்விலுக்கு போன் போடுவீங்க.

நான் ஸ்பேனரைத் தூக்கிட்டு வருவேன். பியரைத் தள்ளுற காஸை, பியர் வர்ற வழியாவே திருப்பி விட்டு ஊதுவேன். அடைப்பு விடும். நீங்க "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ ஆர்வில்"னு சொல்லுவீங்க. "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்"னுதான் நான் சொல்லுவேன். ரெண்டாவது தடவை சொன்னா உக்காந்துருவேன். வாரத்துல நாலு நாள் எங்கயாவது ஒரு வீட்டுல அடைச்சுக்கும். நல்ல காலம் அது.

போன வசந்தத்துல டெல்மர் ஒரு சின்னப் பெட்டியோட கூட்டத்துக்கு வந்தான். உள்ள நூடுல்ஸ் மாதிரி வளையுற ஒரு சிலிகான் குழாய், நுனில ஒரு ஸ்டீல் உருண்டை. நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா டெல்மர்?

"பாருங்கப்பா, உருண்டை மேல மிதக்கும். தெளிஞ்ச பியரை மேலாப்புல இருந்து இழுக்கும். ஹாப்ஸு அடில கிடந்து எக்கேடோ கெட்டுப் போகட்டும். இனிமே ஆர்வில் கிழவன் காலைப் பிடிக்க வேண்டாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மத்தவங்களை விடக் கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன்.

அப்புறம் போன் அடிக்கல. போன் கெட்டுப்போச்சோன்னு கம்பெனிக்காரங்களைக் கேட்டேன். கோளாறு ஒண்ணும் இல்லைன்னாங்க. பேசின பொண்ணு ரொம்ப நல்ல மாதிரி, அதனால மறுபடியும் ஒரு தடவை கேட்டேன். லோரெய்ன் இருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. என் பொண்டாட்டிதான் ஒயின் குடிக்கிறவன் ஒருத்தனோட டூசான் ஊருக்கு ஓடிப் போயிட்டாளே. ஒயினுக்குக் குழாயும் கிடையாது, அடைப்பும் கிடையாது. அவங்க வீட்டுக்கு யாரு வருவா, பாவம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க பெர்னடெட், சொல்லத்தானே போறேன்.

முதல் கெக் டெல்மரோடது. ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் சர்ச்சுல பாட்டுப் பாடிட்டிருந்த நேரம். கராஜ் கதவுப் பூட்டு நம்பர் எனக்குத் தெரியும், எத்தனை தடவை வந்திருக்கேன். உன் நாய்கூட வாலை ஆட்டிட்டு உள்ள கூட்டிட்டுப் போச்சு, அதைத் திட்டாதே. கெக்குல இருந்த காஸை வெளிய விட்டேன், மூடியைத் திறந்தேன், மிதவை உருண்டைல தூண்டில் நரம்பால ஒரு நட்டைக் கட்டி விட்டேன். மிதவை மிதக்காம நேரா அடிச் சேத்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. அவ்வளவுதான் வேலை.

நட்டு துருப்பிடிக்காத ரகம். வீட்டுலயே கொதிக்க வச்சு, கிருமிநாசினில ஊறப்போட்டுத்தான் கொண்டு வந்தேன். கையை முழங்கை வரைக்கும் கழுவினேன். நான் என்ன காட்டுமிராண்டியா? மூடியைத் திறந்தா காத்து பட்டு பியர் கெட்டுப் போகும்னு, மூடின பிறகு மூணு தடவை காஸை விட்டு விட்டு உள்ள இருந்த காத்தை வெளியேத்தினேன். அப்பத்தான் கவனிச்சேன், மூடி ரப்பர் வளையம் தேய்ஞ்சு போயிருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. என்கிட்ட இருந்த சிவப்பு வளையம் ஒண்ணைப் போட்டு, கிரீஸும் தடவி விட்டேன். கெடுக்கப் போன இடத்துல ஒரு ரிப்பேரும் பண்ணிட்டு வந்தேன், டெல்மர். அதையும் பதிவுல சேத்துக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு போன் அடிச்சுது, நீதான் டெல்மர்.

"டேய் ஆர்வில், ஓடி வாடா. இந்த எழவு டேப்பு சுவரு பூரா பச்சையாக் கக்கி வச்சிருக்கு. ட்ரூடி கையில கரண்டியோட நிக்கிறா."

போனேன். ஊதி விட்டேன். உன் பொண்டாட்டி ட்ரூடியோட திரைச்சீலையை நானே கழட்டி ஊறப்போட்டேன். அன்னிக்கு உங்க வீட்டுல மீட்லோஃப், கொத்துக்கறியை ரொட்டி மாதிரி பிடிச்சுச் சுட்டது. ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, அருமையா இருந்துச்சு. நட்டை எடுக்கல. ஒரே தடவைல சரி பண்ணிட்டா அப்புறம் என்ன சிநேகிதம்?

அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடா போக வேண்டியதாயிடுச்சு. ஒருத்தர் வீட்டுல மட்டும் கோளாறுன்னா சந்தேகம் வரும்ல. அதோட டெல்மர் வீட்டுலயே தினம் சாப்பிட்டா நல்லா இருக்காது, பாரபட்சம் காட்டினாப்புல ஆயிரும். நம்ம சங்கத்து இங்க்ரிட் வீட்டுப் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தப்ப டேப் பீச்சினதும் என் வேலைதான். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. தொப்பிதான் பச்சையாச்சு, அதுவும் போட்டோல நல்லாத்தான் விழுந்திருக்கு.

ஆமா பெர்னடெட், உங்க மாமனார் துக்க வீட்டுலயும்தான். நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அவர் கடைசியா காய்ச்சின பியரை எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் குடிச்சு வழியனுப்பணும்னு ஏற்பாடு பண்ணியிருந்தீங்க. பாஸ்டர் கிளாஸை நீட்டினார், அவர் வெள்ளைச் சட்டை வயல் வரப்பு மாதிரி ஆயிருச்சு. நீங்க அங்கயே உக்காந்து அழுதீங்க. "அவருக்கு இது ஒண்ணையாவது ஒழுங்கா செய்யலாம்னு பாத்தேனே"ன்னு சொன்னீங்க. நான்தான் உங்க முதுகைத் தட்டிக் கொடுத்தேன், டேப்பைச் சரி பண்ணேன், எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்தேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனா தூக்கம் வரல. பண்ணது தப்புன்னு தோணுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு தட்டு வந்திருந்துச்சு. எல்லாரும் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

மாட்டினது எப்படின்னு உங்களுக்கே தெரியும். டெல்மர் கெக்கைக் கழுவுறப்போ நட்டு கையில வந்துருச்சு. கூடவே அவன் வாங்காத ஒரு சிவப்பு வளையமும். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் அவங்கவங்க மூடியைக் கழட்டிட்டு வந்து மேஜை மேல வச்சாங்க. வரிசையா சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"நம்ம சங்கத்துல சிவப்பு வளையம் யாருய்யா வச்சிருக்கா?"ன்னு கேட்டீங்க, பெர்னடெட்.

எல்லாரும் என்னையே பாத்தாங்க. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அந்த நேரத்துல கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒரு வளையம்கூட கசியல.

டெல்மர் அப்ப கேட்டது இன்னும் காதுல இருக்கு. "ஏன்டா பாவி, பசிச்சா வந்து கதவைத் தட்ட வேண்டியதுதானே? உனக்குச் சோறு போட மாட்டேன்னு எவன்டா சொன்னான்?"

நல்ல கேள்வி. பதில் யோசிச்சு வச்சிருக்கேன். சும்மா வந்து கதவைத் தட்டினா அது பிச்சை. ஸ்பேனரோட வந்தா அது உதவி. இதுல என்ன புரியல உங்களுக்கு? இன்னொன்னு, இதை நான் எனக்காகப் பண்ணல. மிதவை டியூப் வந்தப்புறம் நம்ம ஆளுங்க சோம்பேறி ஆயிட்டாங்க. எவனும் எவன் வீட்டுக்கும் போறதில்ல. அவனவன் கராஜுல தெளிஞ்ச பியரை ஊத்திக்கிட்டு டிவியைப் பாக்குறான். ஒரு சங்கம்னா அதுல அப்பப்ப ஏதாவது அடைச்சுக்கணும். நான் சங்கத்தைக் காப்பாத்தினேன். தனியா இருக்க முடியாம பண்ணிட்டான்னு எழுதிறாதீங்க. எனக்கு வீட்டுல ஆயிரம் வேலை கிடக்கு.

அழறீங்களா, பெர்னடெட்? சிரிக்கிறீங்களா? சரி, சிரிக்கிறீங்க. டெல்மரும் சிரிக்கிறான். ரொட்டித் தூள் மூக்குல ஏறிரும்டா, பாத்து.

மன்னிச்சுட்டோம்னு சொல்றீங்க. சனிக்கிழமை விருந்துக்கு நானும் வரலாம், மேஜை பக்கத்துல நின்னு ஊத்திக் கொடுக்கலாம். இதோட விஷயம் முடிஞ்சுது. சந்தோஷம். ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு. நாளைக்கு வர வேண்டாம், நாளன்னிக்கும் வர வேண்டாம், எல்லாம் பேசி முடிச்சாச்சு.

அதுக்குள்ள கோட்டெல்லாம் எடுத்து மாட்டிட்டீங்களே.

ஒரு நிமிஷம் உக்காருங்க. சனிக்கிழமை விருந்துக்கு டெல்மரோட குளிரறைல அடுக்கி வச்சிருக்கீங்களே, அந்தக் கெக்குகள்ல ஒண்ணுல நான் கை வச்சிருக்கேன், இந்தத் தடவை நட்டு இல்ல. சிலிகான் குழாயைப் பாதியா வெட்டி விட்டிருக்கேன். ஊத்திப் பாத்தா தெரியாது, மேல்பாதி கண்ணாடி மாதிரி வரும். மட்டம் பாதிக்கு இறங்கினதும் மிதவை அந்தரத்துல தொங்கும். அப்ப வெறும் காஸுதான் வரும், ஊரே கிளாஸை நீட்டிட்டு நிக்கும். எல்லாத்தையும் திறந்து பாத்தா காத்து பட்டு எல்லாமே வீணாயிரும். அந்த ஒண்ணுக்கும் மத்ததுல இருக்குற மாதிரி கருப்பு வளையம்தான் போட்டிருக்கேன், சிவப்பு தீந்துபோச்சு.

எதுன்னு இப்ப சொல்ல முடியாது. ஞாபகம் வரல. நாளைக்குச் சாயங்காலம் வந்து கேட்டீங்கன்னா ஒருவேளை வரலாம். அடுப்புல மாட்டிறைச்சி வேக வைக்கலாம்னு இருக்கேன், உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு. ஒத்தை ஆளு அதைத் தின்னு தீக்க முடியாது. பேரை எடுத்துருவீங்கன்னா எடுத்துக்கோங்க, ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை விசாரிக்கணும்ல, அதுதானே முறை.

கத்தாதே டெல்மர். உக்காரு. இன்னும் ரொட்டி இருக்கு.