ரீலுக்குள் போட்ட ரப்பர்

தோல் வாஷர் காய்ந்துபோனால் ஆட்கள் உடனே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. இரண்டு நாள் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய துணியில் ஒற்றி எடுத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செந்தூர்பாண்டி, ஆறுமுகநேரிக்காரன். தூத்துக்குடியில் பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷினும் பம்ப்செட்டும் ரிப்பேர் பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் எதுவும் சரியில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

செத்துப்போன ஜேசுபாதம் நாசரேத்துக்காரன், துறைமுக ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். எழுபத்தொன்றில் ஒரு கப்பல் என்ஜினியர் தன் பழைய மீன்பிடி ரீலை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யுத்தத்துக்கு முந்திய சரக்கு, கனமான பித்தளை. அதைக் காக்கிச் சட்டையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பெரிய பாரை மீனு மாட்டுனா உள்ள தோலு கருகி நாத்தம் அடிக்கு. ஒங்க கையால ஏதாச்சும் செய்யுங்களேன்."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரீலுக்குள் டிராக் என்று ஒரு பிரேக் உண்டு. இரும்பு வாஷரும் தோல் வாஷரும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். மீன் வெறிபிடித்து ஓடும்போது அந்த அடுக்கு அளவாக வழுக்கி, தூண்டில் நரம்பை விட்டுக்கொடுக்கும். வழுக்காவிட்டால் நரம்பு அறும், அல்லது பிடித்திருக்கிற ஆள் போவான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்துவிடுவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரீலைப் பிரித்துப் போடுவோம். எருமைத் தோல் வெட்டிப் பார்த்தோம், கம்பளித் துணி பார்த்தோம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். வாரத்தில் ஆறு நாள் அந்த ஒரு நாளுக்காகத்தான் கடை திறந்தேன்.

ஒரு முறை சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டோம். கையால் இழுத்தபோது வழுவழுவென்று வந்தது. கடலில் ஒரு சுமாரான மீன் ஓடியதும் ரப்பர் சூடேறி, இரும்போடு இரும்பாகக் கவ்விக்கொண்டது. திருகைத் தளர்த்தினாலும் விடவில்லை. தூண்டில் கம்பு அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்க் கல்லிடுக்கில் சிக்கியதால் ரீல் தப்பித்தது. சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். "நல்லவேள அண்ணாச்சி, கைய விட்டுட்டேன்." இனி ரப்பர் பக்கமே போகக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம்.

எழுபத்தாறில் ஒரு லாரியின் கிளட்ச் பிளேட்டிலிருந்து லைனிங்கை உரித்து, கல்லில் தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கி வாஷர் செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. எவ்வளவு சூடேறினாலும் ஒரே சீராக வழுக்கியது. முப்பது கிலோ பாரையைக் கரையேற்றிவிட்டு ஓடி வந்து கடை வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் மீன் கவிச்சி. ஐயா, என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் வர வேண்டும்? ரிப்பேருக்கு வேலை வைக்காத சாமானைச் செய்து கொடுத்தவன் நான்தானே. தை மாதம் கிருபாபாயைக் கட்டினான். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எதிரே பார்த்தால் "அண்ணாச்சி, வாரேன் வாரேன்" என்பான். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைத்து, சுத்தியலைத் துடைத்து, திரும்பவும் துடைத்து உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுதிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன்.

இதற்கிடையில் அவனுக்குத் தோள் சுளுக்கிக்கொண்டது. இடுப்பில் தடித்த வார் கட்டி, அதன் கொக்கியில் ரீலை மாட்டிக்கொண்டு மீன் பிடிக்க ஆரம்பித்தான். என் காதுபடவே கடற்கரைக்காரர்கள் கண்டித்தார்கள். "ஏலே, நாங்க விரல்லதான் நரம்பச் சுத்துவோம். வேண்டாம்னா விட்டுருவோம். மீனோட ஒடம்பக் கட்டுனா அது போற எடத்துக்கு நீயும் போவணும்லா." நாசரேத்திலும் ஆறுமுகநேரியிலும் கடல்தொழில் இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு இது உறைக்காது. ரீல் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவோம்.

போன மாதம் ஒரு நாள் கிருபாபாயோடு வந்தான். ரீலில் உப்பு ஏறியிருந்தது, பிரித்துக் கழுவ வேண்டும். புது நரம்பும் கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, "நல்லாப் பாத்து மாட்டுங்க அண்ணாச்சி. இவிய கல்லு மேல போய் நிக்கும்போது நான் வீட்டு வாசல்லயே நிக்கேன்" என்றாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

கிளட்ச் லைனிங்கில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டேன். என் எண்ணம் இதுதான்: பெரிய மீன் மாட்டும், ரப்பர் கவ்வும், நரம்பு அறும், மீன் போகும். ஞாயிற்றுக்கிழமை ரீலைத் தூக்கிக்கொண்டு வருவான். திரும்பவும் பிரித்துப் போடுவோம். ஒரு மீனுக்கு ஒரு மனுஷன் துணை கிடைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பட்டது.

அன்று புதுத் துறைமுகத்து அலைதடுப்புக் கல்லில் ஜேசுபாதத்தின் பக்கத்தில் நின்றவன் வெள்ளத்துரை. நீங்கள் அவனை விசாரித்தீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னான். அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. நரம்பு விடவில்லை என்றதும் வெள்ளத்துரை "வார அறுத்து விடுலே" என்று கத்தியை நீட்டியிருக்கிறான். ஜேசுபாதம் வாங்கவில்லை. "பொறுலே, அண்ணாச்சி மாட்டுனது. இப்ப வழுக்கும் பாரு" என்றானாம். சொல்லி முடிப்பதற்குள் கல்லிலிருந்து இழுபட்டு விழுந்துவிட்டான். தலையில் அடி.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். கிருபாபாய் ரீலை என்னிடமே கொண்டு வந்து கொடுத்தாள். "அவியள ஒங்கள மாதிரி யாரு நெனச்சா அண்ணாச்சி" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை. ரப்பர் உருகி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நரம்பு அறும், மீன் மட்டும் போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிவருவதும் அதுதான். அந்த வரியை அடித்துவிடுங்கள். அவர்கள் டீக்கடையில் இருந்தபோது புது நரம்பின் ஒரு முனையை மேஜை இடுக்கியான வைஸில் இறுக்கி, மறு முனையைத் தோளில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி என் முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். மூன்று தரம் இழுத்தேன். அறவில்லை. அதன் பிறகுதான் அதை ரீலில் சுற்றி, அவன் கையில் கொடுத்தேன்.